அமைதி ஆய்வு படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேச உறவுகள், அமைதி ஆய்வு ஆகிய துறைகளில் ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று ஆசை. “இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?” என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது? - வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பா கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னால், அந்த வேலை எப்படியிருக்கும் என்று நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போரும் வன்முறையும் ஏன் வருகின்றன, எப்படி நிறுத்தலாம் என்று ஆராய்வதுதான் அமைதி ஆய்வு. ஸ்வீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழகம் உலகில் நடக்கும் சண்டைகளைக் கணக்கெடுக்கிறது. ஓராண்டில் சண்டையில் குறைந்தது 25 பேராவது இறந்தால்தான் அவர்கள் பட்டியலில் அது ஆயுத மோதல். ஒரு தாக்குதலில் 12 பேர் செத்தார்கள் என்று ஒரு செய்தி சொல்லும். 30 என்று இன்னொன்று. நாலே பேர் என்று ராணுவம் அறிக்கை விடும். தேதி, இடம், மோதிய தரப்புகள் ஆகியவற்றோடு குறைந்த கணக்கு, கூடிய கணக்கு, நம்பத்தகுந்த கணக்கு என்று மூன்றையும் ஆய்வாளர் பதிய வேண்டும். அப்புறம் அடுத்த செய்தி. ஐ.நா. சபையில் பேசுவதெல்லாம் இந்தத் துறையில் மிகச் சிலருக்கே வாய்க்கும்.

1959இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனம் தொடங்கிய யோஹான் கால்டுங், கணிதமும் சமூகவியலும் படித்தவர். துப்பாக்கியே வெடிக்காத ஊரிலும், சமூக அமைப்பு ஒருவரைப் பட்டினியில் சாகவிட்டால் அதுவும் வன்முறைதான் என்று வாதிட்டவர். நம் மாணவர்கள் அவருடைய கோட்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டுக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் புள்ளியியலைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் மொழி. பொதுவாக ‘அமைதி’யை ஆராய முடியாது, ஏதாவது ஒரு நாட்டை, ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இலங்கையை ஆராயும் தமிழ் மாணவர்கள் பலர் சிங்களம் படிப்பதில்லை. பாதிக் கதை அந்தப் பத்திரிகைகளில் இருக்கிறது! இரண்டும் தெரிந்த ஆள் கிடைத்தால் எந்த ஆய்வு மையமும் எளிதில் விடாது.

சரி, பணத்துக்கு வருவோம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி முனைவர் பட்டத்தில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். ஜே.ஆர்.எஃப்.க்குப் பொதுவான வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்தாண்டு சலுகை உண்டு. பக்கத்திலேயே காந்திகிராமத்தில் காந்தியச் சிந்தனை, அமைதி அறிவியலுக்குத் தனித்துறை இருக்கிறது. டெல்லி போகத் தயார் என்றால் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் (ஜே.என்.யு.) ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் நெல்சன் மண்டேலா மையமும் உண்டு.

கல்லூரி வேலைதான் இலக்கு என்றால் எம்.ஏ. சான்றிதழில் ‘அரசியல் அறிவியல்’ என்ற பெயர் இருப்பது நல்லது. பாடம் பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தை ஓரம் கட்டிவிடுவார்கள். அதனால் இப்போதைய படிப்பை மாற்றாதீர்கள். அமைதி ஆய்வை முனைவர் பட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் முதுகலை படிக்க ரோட்டரி அமைதி உதவித்தொகை நல்ல வழி. கல்விக் கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் துறை சார்ந்து மூன்று ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். இன்னொன்று: அப்பா ரோட்டரி உறுப்பினராக இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாது. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.