கைப்பிடி ஓரத்தில் கசிவு: முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள்

எஸ்பிரெஸோ மெஷினில் காபி இறங்கும்போது போர்ட்டாஃபில்டர் (தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடி) ஓரமாக வழிகிறது, கைப்பிடியும் முன்பைவிட அதிகம் திரும்புகிறது என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குச் சந்தேகம் குரூப் ஹெட் (கைப்பிடியை மாட்டும் இடம்) உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) மேல்தான். சூட்டிலேயே கிடந்து அது இறுகிவிடும்; அப்புறம் 9 பார் அழுத்தத்தை அதனால் தாங்க முடியாது. இன்னும் பலமாகத் திருகிப் பயனில்லை, கைப்பிடியின் காது (மாட்டிக்கொள்ளும் நீட்சி) உடைந்தால் செலவுதான்.

புது கேஸ்கெட் வாங்கும் முன் ஒரு சோதனை. கூடையின் விளிம்பையும் கேஸ்கெட்டையும் துடைத்துவிட்டு, தூள் போடாமல் தண்ணீர் மட்டும் விட்டுப் பாருங்கள். ஒழுகவில்லையா? தூள் அதிகம், அல்லது அரைப்பு ரொம்ப நைஸ். ஆனால் தூள் இல்லாமல் அழுத்தம் ஏறாது, அதனால் இது முழுத் தீர்ப்பு அல்ல. தூளைக் குறைத்தும் ஒழுகினால் கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, ஷவர் ஸ்கிரீனை (தண்ணீர் இறங்கும் துளைத் தகடு) கழற்றி, பழையதை ஊசியால் நெம்பி எடுங்கள். துண்டு துண்டாகத்தான் வரும், பொறுமை வேண்டும். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டின் விட்டமும் தடிமனும் மாடலுக்கு மாடல் மாறும். கிடைத்தால் சிலிகோன் கேஸ்கெட் வாங்குங்கள், அது சீக்கிரம் இறுகாது.

தண்ணீர் மெஷினின் அடியிலிருந்து வந்தால் கதை வேறு. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு இங்கே சொல்லுங்கள்.