மஹிந்திரா தார் ஜீப்பில் லைட் பார் சுவிட்ச் சூடாவது பற்றி

நண்பரே, தாரின் கூரையில் 120 வாட் லைட் பார் (நீளமான பட்டை விளக்கு) போட்டதிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, அதே லைனில் டயருக்குக் காற்றடிக்கும் ஏர் கம்ப்ரசரையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள். சரி செய்யும் வரை லைட்டையும் போட வேண்டாம்.

120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். அது முழுக்க அந்தச் சின்ன சுவிட்ச் வழியாக ஓடுகிறது, அதனால்தான் சூடு. நடுவில் ஒரு ரிலே போடுங்கள்; சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது. அதன் பின்களில் எண்கள் இருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் பின்னுக்கு. 87 லைட்டுக்கு. சுவிட்ச் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு பாடிக்கு. இனி சுவிட்சில் ஓடுவது கால் ஆம்பியர்கூட இருக்காது.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அது காப்பது லைட்டை அல்ல, வயரை. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரத் தடுப்பு) ஓட்டையில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் வயரை இழுத்திருந்தால், காட்டுப்பாதைக் குலுக்கலில் தகரம் இன்சுலேஷனை அறுத்துவிடும். ஃபியூஸுக்கு முன்னாலேயே அப்படி ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை, தீதான்.

எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பான இரும்பு தெரிந்த பிறகே முடுக்குங்கள். வெளிச்சம் மங்கினால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

அப்புறம் கம்ப்ரசர். சில மாடல்கள் 30 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தனி ஃபியூஸ், தனித் தடித்த வயர், நேராகப் பேட்டரியிலிருந்து.

இப்போது போட்டிருக்கும் வயர் எத்தனை ஸ்கொயர் எம்எம் (உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குப் பரப்பு) என்று பார்த்துச் சொல்லுங்கள். 2.5க்குக் குறைவென்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.