கேளுங்கள் சொல்கிறேன்: லெகோ கேம் பாய் நிஜமாகவே ஓடுமா?

போன இதழில் லெகோ கேம் பாயை யாரோ ஓட வைத்துவிட்டார்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பிளாஸ்டிக் கட்டை எப்படி சார் ஓடும்? உள்ளே என்ன வைத்தார்கள்? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

இடமில்லை என்று ஆசிரியர் வெட்டிவிட்டார், என்மேல் கோபப்படாதீர்கள். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 1-ம் தேதி, பிளாஸ்டிக் கட்டை செய்கிற லெகோவும், கேம் பாய் என்ற கையடக்க வீடியோ கேமைச் செய்த நின்டெண்டோவும் சேர்ந்து ஒரு செட் வெளியிட்டார்கள். 421 துண்டுகள், அமெரிக்காவில் விலை 59.99 டாலர். மாட்டி முடித்தால் 1989-ல் வந்த முதல் கேம் பாய் கிட்டத்தட்ட அதே அளவில் கையில் இருக்கும். கூடவே கட்டைகளால் ஆன இரண்டு கேசட். (கார்ட்ரிட்ஜ் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நமக்கு அது என்றைக்கும் கேசட்தான்.) திரை இருக்கிற இடத்தில், சாய்த்தால் படம் மாறும் அட்டை ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். பேட்டரி, கரண்ட் எதுவும் கிடையாது, அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான்.

ஆனால் அசல் அளவிலேயே ஒரு காலிக் கூட்டை விற்றால் நோண்டுகிறவர்களுக்குக் கை அரிக்காதா? ஆஸ்திரேலியாவில் நடாலி த நெர்ட் என்ற பெயரில் கேம் பாய்களைப் பிரித்து மேய்கிற ஒருவர், செட் வெளியான அதே மாதத்தில் அதைப் பிரித்து, தானே வடிவமைத்த ஒரு குட்டி போர்டில் உண்மையான கேம் பாய் சிப்பை உட்காரவைத்து, சின்னத் திரை ஒன்றை மாட்டி, நிஜ கேசட்டைச் செருகி ஓட வைத்துக் காட்டினார். எமுலேட்டர் இல்லை என்பதை கவனியுங்கள். எமுலேட்டர் என்றால் வேறொரு கம்ப்யூட்டர் கேம் பாய் மாதிரி வேஷம் கட்டுவது. இங்கே ஓடியது அந்தப் பழைய நின்டெண்டோ சிப்பேதான்.

இதில் கஷ்டம் எங்கே என்று பலரும் தப்பாக நினைக்கிறார்கள். கணக்குப் போடும் வேகத்தில் ஒன்றுமில்லை. கேம் பாய் ஓடுவது 4.19 மெகாஹெர்ட்ஸில், வேலைக்கு 8 கிலோபைட் ரேம், படத்துக்கு இன்னொரு 8 கிலோபைட், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் இடத்தில். அசல் கேம் பாயின் தடிமன் 32 மில்லிமீட்டர், ஆனால் அதன் கூடு அச்சில் வார்த்த மெல்லிய பிளாஸ்டிக். லெகோவில் சுவரே கட்டைதான். ஒரு தட்டைத் துண்டு 3.2 மி.மீ., செங்கல் துண்டு 9.6 மி.மீ., குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மி.மீ. முன்பக்கம் இரண்டு தட்டு, பின்பக்கம் இரண்டு தட்டு என்று வைத்தாலே பதின்மூன்று மி.மீ. போய்விட்டது. மீதியில் கேசட் நுழைய வேண்டும், அதற்குக் கீழே பேட்டரி, ஸ்பீக்கர், பொத்தான்களுக்குப் பின்னால் தட்டினால் டிக் என்கிற குட்டி ஸ்விட்ச்கள். இதில் குமிழ்கள் வேறு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், சமதளமே கிடைக்காது. குடும்பமே ஊருக்குக் கிளம்பும்போது டிக்கியில் பெட்டி அடுக்குவோமே, அந்த வித்தைதான் இது. அதனால்தான் அவருக்குப் போர்டை அவ்வளவு சின்னதாக வரைய வேண்டியிருந்தது.

அண்ணே, எங்கிட்ட ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ சும்மா கிடக்கு. அதையே உள்ளே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. எதற்கு முப்பது வருஷப் பழைய சிப்பைத் தேடி அலைய வேண்டும்?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

வைக்கலாம் தம்பி. 65-க்கு 30 மி.மீ. அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுதானே அது, சும்மா உட்கார்ந்துவிடும். கேம் பாய் மட்டும் போதும் என்றால் பை கூட அதிகம், அதே கம்பெனியின் இன்னும் குட்டியான பிகோ போர்டு போதும், 21-க்கு 51 மி.மீ.தான், கேம் பாய் எமுலேட்டரைத் தாங்கும். பை ஜீரோ லினக்ஸ் ஏற்றிக் கிளம்புவதற்குள் பொறுமை போய்விடும், பிகோ ஸ்விட்ச் போட்டதும் ஆடத் தயார்.

ஆனால் திரையில் எல்லோரும் தடுக்கி விழுகிற ஒரு இடம் இருக்கிறது, அதை மட்டும் கேட்டுக்கொள். கேம் பாய் படம் 160-க்கு 144 புள்ளி. கடையில் மலிவாகக் கிடைப்பது 240-க்கு 240 அல்லது 320-க்கு 240. முதலாவதில் படத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்க வேண்டும். அதாவது ஒரு புள்ளி ஒரு கட்டம், பக்கத்துப் புள்ளி இரண்டு கட்டம், மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. மரியோ நிற்கும்போது தெரியாது, நடக்க ஆரம்பித்தால் மூஞ்சி நெளியும். ஒன்று, மூலையில் சின்னதாக அப்படியே காட்டு, இல்லையென்றால் சரியாக இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வருகிற திரையைத் தேடு. நான் முதலில் செய்ததில் இதைக் கவனிக்காமல் ஒரு வாரம் எமுலேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய சிப் எதற்கு என்றால், அது ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். கேம் பாயே அப்படி உருவானதுதானே. அதைச் செய்த குழுவின் தலைவர் குன்பெய் யோகோய் சொன்னது: அடிபட்டுப் பழகி, மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடு, அதை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து. அதே காலத்தில் அடாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் கலர் திரையோடு வந்தன, கேம் கியர் ஆறு பேட்டரியைக் குடித்துவிட்டுச் சில மணி நேரத்தில் படுத்துவிடும். கேம் பாய்க்குத் திரையில் விளக்குகூட இல்லை, நாலே நாலு சாயல், ஆனால் நாலு ஏஏ பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கேம் பாயும் பின்னால் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு, 9999 கேம் என்று எழுதியிருக்கும் டெட்ரிஸ் பெட்டிதான் நமக்கெல்லாம் கேம் பாய்.

என் மகன் எட்டாவது படிக்கிறான். வீடியோவில் பார்த்துவிட்டு இதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? சூடு வைக்கிற அந்தக் கம்பியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

செட் இப்போது வேண்டாம் அம்மா. காசைப் போட்டு வாங்கி, முதல் நாளே அதை அறுக்க மனசு வராது, அலமாரிக்குப் போய்விடும். ஒரு பிகோ, ஒரு சின்னத் திரை, எட்டு ஸ்விட்ச், ஒரு பிரெட்போர்டு (கம்பிகளைச் செருகி இணைக்கிற துளைப் பலகை) வாங்கிக் கொடுங்கள். போர்டையும் திரையையும் ஊசி மாதிரியான பின்கள் ஏற்கெனவே வைத்ததாகக் கேட்டு வாங்கினால், ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங்கே தேவைப்படாது, கம்பியைச் செருகினால் போதும். ஓடுகிறதா? அப்புறம் வீட்டில் கிடக்கிற எந்த லெகோவாக இருந்தாலும் அதை வைத்து அவனே ஒரு கூடு கட்டட்டும். அவன் அளவெடுத்துக் கட்டுகிற கூட்டில் இடம் அவன் கையில், கம்பெனி செட்டில் இடம் கம்பெனி கையில்.

சால்டரிங் பிறகு கற்றுக்கொள்ளலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஜன்னல் திறந்திருக்க. ஒரே ஒரு விஷயம், கட்டைகள் இருக்கிற மேஜையில் அந்த வேலை கூடாது. நீங்கள் பயப்படுகிற அந்தச் சால்டரிங் அயர்னின் முனை 350 டிகிரி, லெகோ கட்டை ஏபிஎஸ் பிளாஸ்டிக், நூறு நூற்றைந்து டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஒரு சாம்பல் கட்டையின் மேல் என் அயர்ன் அரை வினாடி பட்டது, குமிழ் வெண்ணெய் மாதிரி வழிந்தது, அந்த நாற்றம் அடுத்த நாளும் அறையில் இருந்தது. என் மகள் இன்னும் அந்தக் கட்டையை ஒளித்து வைத்திருக்கிறாள், எனக்கு எதிரான சாட்சியாம்.

எல்லாம் மாட்டிவிட்டேன். 400 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி, சிவப்பு நிற சார்ஜிங் மாட்யூல் ஒன்று. சார்ஜ் போட்டால் பேட்டரி நன்றாகச் சுடுகிறது. இது சகஜம்தானா?
– வாசகர், ஓசூர்

சகஜமே இல்லை. உடனே கழற்றி வையுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.

கழற்றிவிட்டீர்களா, சரி. உங்கள் மாட்யூலில் இருப்பது அநேகமாக டிபி4056 என்ற சிப். அது கடையிலிருந்து வரும்போது 1 ஆம்பியர் கொடுக்கும்படி வைத்திருப்பார்கள், பெரிய பேட்டரிக்கு அது சரி. உங்கள் 400 எம்ஏஎச் பேட்டரிக்கு அது இரண்டரை மடங்கு. சின்னக் குழந்தைக்குப் பெரியவர் சாப்பாட்டை ஊட்டின மாதிரி. போர்டில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், மேலே 122 என்று எழுதியிருக்கும். அதுதான் அளவைத் தீர்மானிக்கிறது, 1200-ஐ அந்த ஓம் எண்ணால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். அதை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் 0.24 ஆம்பியர், சார்ஜ் ஏற நேரம் ஆகும், ஆகட்டும். ஏற்கெனவே சூடான அந்தப் பேட்டரி கொஞ்சமாவது உப்பியிருந்தால் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். கட்டைக் கூட்டுக்குள் இறுக்கி அமுக்கி வைக்கவும் கூடாது, நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள், முனை கூரான துண்டு எதுவும் அதன் மேல் அழுத்தக் கூடாது.

இன்னொன்று, சிவப்புக் கம்பி பிளஸ் என்பது மட்டும்தான் நிச்சயம். பேட்டரியின் அந்த வெள்ளைக் குட்டிப் பிளக்கில் சிவப்பு இடப்பக்கம் வருமா வலப்பக்கம் வருமா என்பதில் ஒரே முறை கிடையாது. பிளக் பொருந்துகிறதே என்று ஒருமுறை நம்பிச் செருகினேன். மெல்லிசாக ஒரு புகை, அவ்வளவுதான், இரண்டு மாத வேலை. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "மல்டிமீட்டர் வெச்சுப் பாக்கலியா சார்?" என்றார். என்ன பதில் சொல்வது?

இதெல்லாம் எதற்கு, போனிலேயே ஆடிவிட்டுப் போகலாமே?
– வாசகர், மதுரை

ஆடலாமே. யார் வேண்டாம் என்றது. ஹோட்டல் இருக்கும்போது வீட்டில் எதற்குச் சமைக்கிறோம் என்று உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எமுலேட்டரில் போட கேம் ஃபைலை நெட்டில் இறக்கலாமா? இப்படி நாலைந்து செய்து நண்பர்களுக்கு விற்கலாம் என்றும் ஒரு யோசனை.
– வாசகர், வேலூர்

உங்கள் கட்டையை நீங்கள் அறுப்பதில் யாருக்கும் வழக்கில்லை. கேம்கள் வேறு விஷயம், முப்பது வருஷம் ஆனாலும் அவற்றுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, இறக்குவதும் அதை ஏற்றி விற்பதும் வம்பு. அதற்குப் பதில், இன்றைக்கும் கேம் பாய்க்கென்றே புதிதாகக் கேம் எழுதி இலவசமாகத் தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜிபி ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் நிரல் தெரியாதவர்கூட ஒன்று செய்யலாம். நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் நீங்களே செய்த கேமைப் போட்டுக் கொடுங்கள், ஆட மாட்டேன் என்று சொல்லவும் அவர்களால் முடியாது.

பழைய கேம் பாய் பாக்கெட் ஒன்று எங்கள் மாமா வீட்டுப் பரணில் கிடைத்தது. அதன் போர்டை எடுத்து லெகோவில் வைக்க ஆசை. ஆன் செய்தால் மேலிருந்து ஒரு கறுப்புக் கட்டம் இறங்கி நடுவில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செத்துவிட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

செத்தால் கட்டம் இறங்காது! உங்களுக்கு வந்திருப்பது நல்ல செய்தி.

கேம் பாய் கண் விழித்ததும் முதலில் ஓடுவது சிப்புக்குள் இருக்கிற 256 பைட் நிரல். அது கேசட்டிலிருந்து நின்டெண்டோ பெயரின் படத்தை வாசித்து, மேலிருந்து இறக்கிக் காட்டும். அந்தப் படம் வெறும் 48 பைட். பிறகு தன்னிடம் இருக்கிற பிரதியோடு அதை ஒப்பிடும், ஒரு பைட் பிசகினாலும் அங்கேயே நின்றுவிடும். போலிக் கேசட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. கேசட்டே தொடவில்லை என்றால் எல்லா இடத்திலும் 1 என்ற எண்ணே வாசிக்கப்படும், அதாவது எல்லாப் புள்ளியும் கறுப்பு, எழுத்துக்குப் பதில் முழுக் கட்டம். ஆக உங்களுடைய சிப் ஓடுகிறது, திரை ஓடுகிறது, மின்சாரம் சரியாக இருக்கிறது. கேசட்டும் போர்டும்தான் ஒன்றையொன்று தொடவில்லை.

ஊதாதீர்கள். நாமெல்லாம் ஊதி வளர்ந்தவர்கள்தான், ஆனால் வாயின் ஈரம் கேசட்டின் உலோகக் கால்களை இன்னும் கறுக்க வைக்கும். ஐசோபுரொப்பில் ஆல்கஹால் கொஞ்சம், காது குடைகிற பட்ஸ் நாலைந்து. கேசட்டின் அடியில் 32 கால்கள் வரிசையாக இருக்கும், பட்ஸ் கறுப்பாக வருவது நிற்கும்வரை துடையுங்கள், காயவிடுங்கள், பத்து முறை செருகி எடுங்கள். போர்டுப் பக்கத்துக் கால்களுக்கும் அதே வைத்தியம். எழுத்து அரைகுறையாக வந்தால் பாதி ஜெயித்தாயிற்று, இன்னொரு முறை துடையுங்கள். முழு எழுத்தும் இறங்கி டிங் என்று சத்தம் வந்த பிறகு போர்டை வெளியே எடுங்கள், அதற்கு முன் லெகோவைத் தொடாதீர்கள்.