பட்டறைப் பதில்கள்: சக்திமான் லாரியில் வீடு கட்டலாமா?

கேள்வி: ஐயா, என் அப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். ஸ்ரீநகரிலிருந்து லடாக்கில் உள்ள லே வரை சக்திமான் லாரி ஓட்டியிருக்கிறார். இப்போது வயது 69. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய சக்திமான் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் காயலான் கடையில் நிற்கிறது. அதை வாங்கி, பின்னால் படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்து வீடாக்கி, அப்பா அம்மாவை லே வரை கூட்டிப்போக ஆசை. பச்சை பெயின்ட்டை மட்டும் மாற்றக் கூடாது என்கிறார் அப்பா. நடக்குமா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 31 வருடமாக லாரிக்குப் பாடி கட்டுகிறேன். அப்பாவுக்காக ஒருவர் வண்டி கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன்.

பெயின்ட் விஷயம் முதலில். ராணுவ வண்டியைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 121ஆவது விதி. அப்பாவிடம் இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது காகிதம். ராணுவ வண்டிக்கு நம் ஊர் ஆர்.சி. கிடையாது. அம்புக்குறி போட்ட நம்பர், பதிவு செய்வதும் தனி அதிகாரி. வெளியே வந்த பிறகு புதிதாகப் பதிவு செய்துதான் ரோட்டில் ஓட்ட முடியும். அதற்கு ஏலத்தில் விற்ற கடிதம் வேண்டும், அதில் சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இருக்க வேண்டும். ஸ்கிராப் என்று எழுதி விற்ற வண்டியை யாராலும் பதிவு செய்து தர முடியாது, எந்த ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. கடைக்காரர் கடிதத்தைக் காட்டாமல் அட்வான்ஸ் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கடிதம் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. வீட்டு வண்டிக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமே இருக்கிறது. எனவே ஒரு பலகை அறுப்பதற்கு முன்னால் வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். லாரியின் அடிச்சட்டமான சேஸ் என்பது படுக்க வைத்த ஏணி. மேட்டில் ஒரு சக்கரம் ஏறினால் அந்த ஏணி முறுக்கிக்கொள்ளும். ராணுவ லாரியில் இந்த முறுக்கம்தான் பலம். அது இருப்பதால்தான் கல்லிலும் ஆற்றுப் படுகையிலும் நான்கு சக்கரமும் தரையைப் பிடிக்கின்றன. தார்பாய் போட்ட பாடி சேஸோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். ஜன்னலும் கதவும் ஷீட்டும் வைத்த வீடு வளையாது, கிழியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மலை கிராமங்களுக்குப் போகும் மருத்துவ வண்டி ஒன்றுக்குப் பாடி கட்டி, யூ போல்ட் போட்டு நாலு பக்கமும் சேஸோடு இறுக்கிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. பின்கதவைச் சாத்தினால் மேல் மூலையில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஜன்னல் மூலையிலிருந்து ஷீட்டில் முடி மாதிரி ஒரு விரிசல், ஒரு சாண் நீளம். வெல்டிங் வைத்தால் அதன் பக்கத்திலேயே அடுத்தது ஓடியது. அன்று ராத்திரி தூங்கவில்லை.

முக்காலியை நினைத்துப் பாருங்கள். தரை எப்படி இருந்தாலும் ஆடாது, நாற்காலிதான் ஆடும். வீட்டுக்குக் கீழே தனியாக ஒரு சட்டம் செய்து, பின்னால் இரண்டு இடத்தில் பிடிப்பு, முன்னால் நடுவில் உருளும்படி ஒரே ஒரு பின் என்று மூன்று புள்ளியில் உட்கார வையுங்கள். சேஸ் முறுக்கட்டும், வீடு அதன்பாட்டுக்கு மேலே நிற்கும். சேஸின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள்.

ஷீட் அடிப்பதற்கு முன் ஒரு சோதனை. முன் சக்கரம் ஒன்றை ஓர் அடி உயரக் கட்டை மேல் ஏற்றி நிறுத்துங்கள். பாடிச் சட்டத்தில் கதவு வரும் இடத்தில் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமதரையில் இருந்தது போலவே இருந்தால் தைரியமாக ஷீட் அடியுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை உயரத்தில் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. ஏற்கெனவே உயரமான வண்டி, கொண்டை ஊசி வளைவில் சாயும். தொட்டி கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கட்டும். வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டினால் உங்கள் கார் லைசென்ஸ் போதாது, ஹெவி எடுக்க வேண்டும்.

சக்திமான்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த வண்டி, 1996 வாக்கில் நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே கிட்டத்தட்ட 30 வயது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத, சுமார் 110 குதிரைசக்தி இன்ஜின். ஸ்ரீநகர்–லே பாதையில் ஃபோட்டு லா கணவாய் 4,108 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இவ்வளவு எடையோடு ஏறினால் கரும்புகைதான் வரும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தாலும், போக மட்டும் சுமார் 3,500 கிலோமீட்டருக்கு 875 லிட்டர் டீசல். நானாக இருந்தால், காகிதம் சுத்தமான, டர்போ இன்ஜின் உள்ள நான்கு சக்கர இழுவை வண்டியாகத் தேடுவேன்.

எதுவானாலும் முடிவு எடுக்கும் முன் அப்பாவை அந்தக் கடைக்கு அழைத்துப் போங்கள். கிளட்ச் மிதித்து, ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார், உங்கள் மெக்கானிக்கைவிட. அவர் கேபினில் ஏறும்போது முழங்காலைக் கவனியுங்கள். படி எத்தனை அங்குலத்தில் வைப்பது என்று அப்போதுதான் தெரியும். அம்மாவையும் ஏறச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வண்டி வீட்டில் கேஸ் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படுத்து, தூங்குகிறவர்களின் அடியிலேயே தேங்கும். வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற தனிப் பெட்டியில் வையுங்கள், பெட்டியின் அடித்தட்டில் கேஸ் இறங்க ஓட்டை இருக்கட்டும். ரப்பர் குழாயை வாசலில் வைத்து வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.