வாசகர் கேள்வி–பதில்: ‘ஆண்டோர்’ எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது?

(2016-ல் வந்த ‘ரோக் ஒன்’ படத்தின் நாயகன் காசியன் ஆண்டோரின் முன்கதைதான் இந்த ‘ஸ்டார் வார்ஸ்’ கிளைத் தொடர். 2022-லும் 2025-லும் வந்த இரண்டு சீசன்களைப் பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள் இந்த முறை. சில இடங்களில் கதை உடைபடும்.)

கோத்தகிரி வாசகர்: இரண்டு எபிசோட் முடிந்தும் ஒரு லேசர் வாள்கூடக் கண்ணில் படவில்லை. தொடரலாமா, விட்டுவிடலாமா?

வாளுக்காகத்தான் என்றால் விட்டுவிடுங்கள். 24 எபிசோடிலும் அது கிடையாது. முதல் சீசன் 11-வது எபிசோடில், புரட்சியை ரகசியமாக நடத்தும் லூதனின் கப்பல் இருபுறமும் சிவப்புக் கதிரை நீட்டி எதிரி விமானங்களை அறுக்கும். அதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

கதைக்காக என்றால், பார்க்கும் முறையை மாற்றுங்கள். முதல் சீசனில் 1–3 ஒரு கதை, 4–6 ஒரு கொள்ளை, 7 தனி, 8–10 சிறை, 11–12 முடிவு. ஒவ்வொரு கட்டிலும் கடைசி எபிசோடில்தான் வெடி வெடிக்கும். முதல் மூன்றையும் ஒரே நாளில் வெளியிட்டதும் அதனால்தான். இரண்டோடு நிறுத்தியவருக்குத் திரி மட்டும் தெரியும். இரண்டாவது சீசனில் கணக்கு எளிது, மூன்று மூன்றாக நான்கு கட்டு. எல்லாம் முடிந்த பிறகு ‘ரோக் ஒன்’ பாருங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தாலும் இன்னொரு முறை பார்க்கலாம்.

மஞ்சூர் வாசகர்: கொள்ளை நடக்கும் அந்த மலையும் அணையும் எங்கள் பக்கம் மாதிரியே இருக்கிறதே, எங்கே எடுத்தார்கள்?

ஸ்காட்லாந்தில், க்ருவாகன் அணையில். 1965-ல் திறந்த நீரேற்று மின்நிலையம் அது. மலைக்குள் குடைந்த கூடத்தில் இயந்திரங்கள், மேலே நீர்த்தேக்கம். உங்கள் குந்தாவில் கட்டிவரும் நீரேற்றுத் திட்டத்துக்கும் அடிப்படை வேலை இதேதான்: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிச் சுழற்றுவது.

நிஜ இடங்களுக்குப் போனதும் செட் போட்டதும் இத்தொடரின் பெரிய பலம். சுற்றிலும் எல்.இ.டி. திரை வைத்து எடுக்கும் முறையை மற்ற ‘ஸ்டார் வார்ஸ்’ தொடர்கள் நிறையப் பயன்படுத்தின. அதில் நடிகர்கள் நடமாட இடம் குறைவு, பாலைவனம்கூட ஒரு பெரிய அறை மாதிரித் தெரிந்துவிடும். இங்கே காற்று நிஜம், சேறு நிஜம், மூச்சு வாங்குவதும் நிஜம்.

அந்த அத்தியாயத்தில் பேரரசின் படை அதிகாரி பேசுவதைத் தவறவிடாதீர்கள். மலைவாசிகளைக் கீழே தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புனித யாத்திரைக்கு மேலே ஏறி வருகிறவர்களை அடித்து விரட்டவில்லை. வழிநெடுகத் தங்குமிடமும் மதுக்கடையும் திறந்து வைத்தார்கள், கூட்டம் தானாக உதிர்ந்தது. சுடுகிற சிப்பாயைவிட இந்த ஆளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

அருவங்காடு வாசகர் (எலக்ட்ரீஷியன்): நார்கினா சிறையில் தரைக்கே கரண்ட் கொடுக்கிறார்கள், கைதிகள் தண்ணீர் விட்டு அதை வீழ்த்துகிறார்கள். நடக்கிற காரியமா?

பாதி நடக்கும். கைதிகள் வெறுங்கால், காவலர்களுக்குக் காப்புள்ள பூட்ஸ். அதுவரை சரி. உலர்ந்த தோலின் மின்தடை 1,00,000 ஓம் வரை இருக்கலாம்; நனைந்தால் 1,000 ஓம் அளவுக்கு விழும். ஆக, தண்ணீர் பரவிய தரையில் நிற்பவனுக்கு ஆபத்து பல மடங்கு. கைதிகள் மேஜை மேல் தாவி ஏறுவது அதனால்தான் சரியான காட்சி. தரைத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் காப்பைத் தண்ணீர் இணைத்து ஷார்ட் ஆனால் அமைப்பு படுத்துவிடும், அதுவும் சரி. இடிக்கிற இடம் வேறு. அத்தனை பெரிய சிறையில் ஒவ்வொரு அறைக்கும் ஈரம் தெரிந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்றுகூட இல்லையா? தொடர் வாயே திறக்கவில்லை.

ஆனால் அந்தச் சிறை மனதில் நிற்பது கணக்கால்தான். மேஜைக்கு 7 பேர், அறைக்கு 7 மேஜை, 12 மணி நேர ஷிப்ட். வேலையில் முந்திய மேஜைக்குச் சாப்பாட்டில் கொஞ்சம் ருசி, பிந்திய மேஜைக்கு ஷாக். காவலர் வேலையைக் கைதிகளே ஒருவருக்கொருவர் பார்த்துவிடுகிறார்கள். ஒரு தளத்துக்குக் காவலர் 12 பேரைத் தாண்டுவதே இல்லை என்று அறையின் கைதித் தலைவன் கீனோ கடைசியில் வாய்விட்டுச் சொல்கிறான் பாருங்கள், அந்த ஒரு எண்ணுக்காகவே இரண்டு எபிசோட் நம்மைக் காக்க வைத்திருக்கிறார்கள். கைதிகள் ஓயாமல் பூட்டிக்கொண்டிருந்த இயந்திர பாகம் எதற்கென்பது 12-வது எபிசோடில் பெயர்ப் பட்டியல் ஓடிய பிறகுதான் தெரியும். அணைத்துவிடாதீர்கள்.

கொடைக்கானல் வாசகி: எல்லோரும் புகழ்கிறார்கள். குறையே இல்லையா?

ஏன் இல்லை? முதல் சீசன் தொடங்குவதே காசியன் தங்கையைத் தேடுவதில். சிறுவயதுக் காட்சிகள் மூன்று எபிசோட் வருகின்றன. பிறகு அந்தத் தேடலுக்கு விடையே கிடையாது. விடை தெரியாமலே போவதுதான் வாழ்க்கை என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அது திரைக்கதையில் கைவிட்ட நூலாகத்தான் படுகிறது.

பெரிய குறை இரண்டாவது சீசனில். தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் முதலில் போட்ட திட்டம் ஐந்து சீசன், சீசனுக்கு ஓர் ஆண்டு. ஒரு சீசனை எடுத்து முடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனதால் இரண்டாகச் சுருக்கி, மிச்சம் நான்கு ஆண்டுகளை 12 எபிசோடுக்குள் அடைத்தார்கள். மூன்று எபிசோடுக்கு ஒருமுறை ஓராண்டு தாவல். அந்த இடைவெளியில் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள், மாறிய விதம் நமக்குத் தெரியாது. காசியனின் காதலி பிக்ஸின் வேதனை விட்டுவிட்டு வருகிறது. புரட்சிக்கார ஜோடியான வெல், சின்ட்டா இருவரும் திரும்பச் சேர்வதும் பிரிவதும் ஒரே எபிசோடில், அழக்கூட நேரமில்லை. தொடக்கத்தில் காட்டுக்குள் புரட்சிக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போடுவதைப் பாதியாக வெட்டியிருந்தால் இந்த இடங்களுக்கு நேரம் கிடைத்திருக்கும்.

காசியனும் புரட்சிக்கு உதவும் செனட்டர் மான் மோத்மாவும் இந்தத் தொடரில் சாக மாட்டார்கள் என்பது ‘ரோக் ஒன்’ பார்த்தவருக்குத் தெரியும். முன்கதைகளுக்கே உள்ள நோய் அது. மருந்தைக் கண்டுபிடித்ததுதான் கெட்டிக்காரத்தனம்: புரட்சிப் பக்கம் லூதன், க்ளேயா, எதிர்ப் பக்கம் டெட்ரா, சிரில், இந்த நால்வரும் படத்தில் கிடையாது. பதற்றம் முழுவதையும் இவர்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள். சிரில் முதல் எபிசோடிலேயே தன் சீருடையைத் தையல்காரரிடம் கொடுத்துத் திருத்திப் போட்டு வருவான். மேலதிகாரி உடனே கண்டுபிடிப்பார். அந்த அரை நிமிடத்திலேயே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடுகிறது.

குன்னூர் வாசகர்: மற்ற கிளைத் தொடர்களும் இப்படித்தானா?

‘போபா ஃபெட்’ தொடரில் மொத்தம் 7 எபிசோட். 5-வதில் போபா ஃபெட்டே கிடையாது, வேறு தொடரின் நாயகன் வந்து முழு எபிசோடையும் எடுத்துக்கொள்கிறான். இதற்கு மேல் என்ன சொல்ல?

ஊட்டி வாசகி: இரவுக் காட்சிகள் ஒரே இருட்டு. டிவி பழுதா?

பழுது இல்லை, பெரும்பாலும் செட்டிங். பவர் சேவிங்கை அணையுங்கள், அதுதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. பிக்சர் மோடில் ‘ஃபில்ம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ வையுங்கள், மோஷன் ஸ்மூதிங்கை நிறுத்துங்கள். அதன் பிறகும் இருட்டாக இருந்தால் பிரைட்னஸை இரண்டு மூன்று புள்ளி மட்டும் கூட்டுங்கள். மேலே போனால் கறுப்பு சாம்பலாகிவிடும். பகலில் மூடுபனி ஜன்னல் முழுக்க வெள்ளையாக நிற்கும்போது எந்த செட்டிங்கும் உதவாது, ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள். மழையில் நெட் விட்டுவிட்டு வந்தால் ஆப்பே படத்தின் தரத்தைக் குறைத்துவிடும், இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். ஜியோ ஹாட்ஸ்டாரில் சிக்னல் நன்றாக இருக்கும் நேரம் பார்த்து மூன்று எபிசோடாக டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.