அரசு ஐடிஐகளுக்கு (தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு) இத்தனை கோடி ஒதுக்குவது வீண் செலவு இல்லையா?

கேள்வி கேட்டவர் இன்ஜினியரிங் படித்தவர் என்று நினைக்கிறேன். "யாரும் விரும்பிச் சேராத இடத்துக்கு அறுபதாயிரம் கோடி எதற்கு" என்று கேட்டிருக்கும் தோரணை அப்படி. தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் ஐடிஐ ஃபிட்டர், இரும்பை ராவிப் பொருத்துகிற வேலை. பதினாலு வருஷமாக அந்தச் சர்டிபிகேட்டில்தான் சோறு தின்கிறேன். அதனால் படித்ததும் சுருக்கென்றது.

வீண் இல்லை. பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடையிலும் கோயிலிலும் தமிழ்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் கேரளத்து அரசு ஐடிஐ ஒன்றில் இரண்டு வருஷம் ஃபிட்டர். பெயர் வேண்டாம், பாடம் சொன்னவர்கள் நல்லவர்கள்.

ஆரம்ப மாதங்கள் முழுக்க ஃபைலிங்தான். எம்.எஸ். பிளாட்டை (இரும்புப் பட்டையை) வைஸ் என்கிற பிடிப்பானில் இறுக்கி, பாஸ்டர்ட் ஃபைல் என்கிற சொரசொரப்பான அரத்தால் ராவு ராவென்று ராவி, ட்ரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை ஒட்டவைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் ராவு. உள்ளங்கை கொப்புளித்து, கொப்புளம் காய்ந்த பிறகுதான் கை படியும். இதற்கெல்லாம் வேண்டியது இரும்பு. அந்த இரும்புதான் இல்லை. முந்தைய பேட்ச் ராவிப் போட்ட ஜாப்பையே (பயிற்சித் துண்டையே) எங்களுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். டிராயிங்கில் 75 மில்லிமீட்டர் என்று இருக்கும், கையில் இருக்கும் துண்டு 71 கூட வராது. "நாலு மில்லி இருக்கிறதாக நினைத்துக்கொண்டு செய்யடா" என்பார் சார். ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மெயில் ஃபீமேல் ஜாப் வந்தபோது வேறு வழியில்லாமல் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்தோம்.

அதே வருஷம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் ப்ரோகிராமில் தானே இரும்பை வெட்டும் மெஷின்) வந்து இறங்கியது. அதற்குக் கரண்ட் லைன் இழுக்கும் பணம் வேறு கணக்கில் வர வேண்டுமாம். நாங்கள் பாஸாகி வெளியே வரும் வரை பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், உறை மேலேயே.

"அதெல்லாம் பழைய கதை" என்று கமெண்டில் வருகிறவர்களுக்கு: மாறியிருக்கிறது, நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை சுமார் 2,877 கோடியில் புதுப்பித்தார்கள். கோவையில் எங்கள் கம்பெனிக்கு அப்ரண்டிஸாக வரும் பையன்கள் வந்த மாதமே சிஎன்சிக்கு ப்ரோகிராம் போடுகிறார்கள். நான் அதைக் கற்க ஆறு வருஷம் ஆனது. நீங்கள் சொல்லும் 60,000 கோடி 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ஐந்து வருஷத்துக்கு, 1,000 அரசு ஐடிஐகளுக்கு. பாதி மத்திய அரசு, 20,000 கோடி மாநிலங்கள், மீதி தொழில் நிறுவனங்கள். ஒரு ஐடிஐக்குப் பிரித்துப் பார்த்தால் அறுபது கோடி. அதில் மெஷினுக்குத் திறப்பு விழா நடக்கும். ஹாக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்) பிளேடுக்கும் கூலண்ட் ஆயிலுக்கும் வெல்டிங் எலக்ட்ரோடுக்கும் மாசாமாசம் காசு வருமா என்பதுதான் என் கவலை. ஃபைல் பிடிக்கத் தெரியாதவன் கையில் ரோபோவைக் கொடுத்து என்ன செய்வது?

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா பையன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான். தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் தனியாக வரும். ஆனால் அந்த ஆயிரத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்திலோ படித்திருக்க வேண்டும். இவன் படித்ததும் தமிழ் மீடியம்தான், ஆனால் எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில். தமிழ்நாட்டு வரிப்பணம் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு, நியாயம்தான், சண்டைக்கு வர வேண்டாம். இங்கே எங்களைப் பாண்டி (தமிழன்) என்பார்கள், பொள்ளாச்சிக்குப் போனால் மலையாளத்தான் என்பார்கள். அவன் சாதிச் சான்றிதழுக்காகச் சித்தூர் தாலுகா ஆபீசுக்கு (ஆந்திரச் சித்தூர் இல்லை, எங்கள் சித்தூர்) மூன்று தடவை நடந்துவிட்டேன்.

கடைசியில் இந்தப் பக்கமே சேர்க்கலாம் என்று போன வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஐடிஐக்குப் போனேன். "மாமா, ஏசி ரூமுக்குள்ள மெஷின் பாருங்க" என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்றான். நான் ஃபிட்டர் செக்‌ஷனுக்குப் போய் வைஸுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். இரும்புத் தூள் துருப்பிடிக்காமல் பளபளவென்று கிடந்தது, நேற்றோ முந்தாநாளோ ராவியதாகத்தான் இருக்கும். சேர்த்துவிடலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.