அணு உலை விபத்துக்குப் பிறகு அரசு எதைக் கண்காணிக்க வேண்டும்? மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணு மின் நிலையம், ஜப்பானின் புகுஷிமா விபத்து, நம் தேயிலை என்று இலங்கை மலையகத்திலிருந்து வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைத் தொட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஹட்டன், உயர்தர மாணவர்: சேர், புகுஷிமாவில் நிலம் அதிர்ந்ததும் உலைகள் தானாக நின்றுவிட்டதாகப் படித்தேன். நின்ற உலை எப்படி உருகும்?

தம்பி, நின்றது அணுப்பிளவு மட்டும்தான். பிளந்து கிடக்கும் துண்டுகள் தொடர்ந்து சிதைந்து சூடு தந்துகொண்டே இருக்கும். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பம் ஏறக்குறைய 3000 மெகாவாட். நிறுத்திய நொடியில் அதில் 6 - 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவு மிஞ்சும். மேல் கொத்மலை நீர்மின் நிலையம் முழு வீச்சில் ஓடினாலே 150 மெகாவாட்தான். ஒரு நாள் கழிந்தும் 15 மெகாவாட் அளவுக்கு இருக்கும். இதைத் தண்ணீர்தான் எடுத்துப் போக வேண்டும், தண்ணீரை ஓட்ட பம்பு வேண்டும், பம்புக்கு கரண்ட் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று வெளிக் கரண்ட் அறுந்தது. அவசர டீசல் இயந்திரங்களில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடங்களின் நிலவறையில் இருந்தன. தரைமட்டம் கடலிலிருந்து 10 மீட்டர். வந்த சுனாமி அலை 14 - 15 மீட்டர். இயந்திரங்களும் சுவிட்ச் போர்டுகளும் மூழ்கின. ஆறாம் உலைக்கான, காற்றால் குளிரும் ஒரே ஒரு டீசல் இயந்திரம் மட்டும் தொடர்ந்து கரண்ட் கொடுத்தது. ஐந்தும் ஆறும் பிழைத்தது அதனால்தான். மற்ற இடத்தில் எரிபொருள் குழாய்களின் சிர்கோனியம் உலோகம் சுமார் 1200 பாகைக்கு மேல் நீராவியோடு வேகமாகச் சேர்ந்து ஹைட்ரஜனைக் கக்கியது. கட்டடக் கூரைகளைத் தூக்கி எறிந்தது அந்த ஹைட்ரஜன். அணுகுண்டு மாதிரி எதுவும் வெடிக்கவில்லை.

நுவரெலியா, ஆசிரியை: ஜப்பான் அவ்வளவு ஒழுங்கான நாடு. அங்கே கண்காணிக்க ஆள் இல்லாமலா போனது?

ஆள் இருந்தது, டீச்சர். இருந்த இடம்தான் கோளாறு. அப்போதைய பாதுகாப்பு முகவரகம், அணு மின்சாரத்தை வளர்க்கும் பொறுப்பில் இருந்த பொருளாதார, தொழில் அமைச்சின் கீழேயே இருந்தது. அதிகாரிகள் இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் மாறி மாறிப் போய் வருவார்கள். உலை உருகும் அளவு கடும் விபத்துக்கான ஏற்பாடுகள் சட்டப்படி கட்டாயமில்லை. கம்பனிகள் விரும்பினால் செய்யலாம் என்ற நிலை. அலை 15.7 மீட்டர் வரை வரலாம் என்ற கணக்கு 2008இலேயே நிலையத்தை நடத்திய டெப்கோ கம்பனியின் கையில் இருந்தது. அது முகவரகத்துக்குப் போனது 2011 மார்ச் 7இல், அலை வருவதற்கு நான்கு நாள் முன்னர். நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணைக்குழு 2012 ஜூலையில் இதை மனிதர் செய்த அனர்த்தம் என்றே எழுதியது.

2012 செப்டம்பரில் ஐந்து பேர் கொண்ட புதிய ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. அது சுற்றாடல் அமைச்சோடு இணைந்தது, ஆனால் முடிவுகளைச் சுயமாக எடுக்கும். அதன் அதிகாரிகள் அணுசக்தியை வளர்க்கும் துறைகளுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று விதி வைத்தார்கள். 2013 ஜூலையில் புதிய தரங்கள் வந்தன. அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று: புதிய தரம் வந்தால் பழைய உலையும் அதற்கு ஏற்ப மாற வேண்டும். 'நான் அனுமதி வாங்கின காலத்துச் சட்டப்படி சரி' என்ற சாக்கு அத்தோடு செத்தது. மேட்டில் நிறுத்தி வைக்கும், மின்சாரம் தரும் வண்டிகள், நீர் புகாத கதவுகள், வடிகட்டியோடு கூடிய அழுத்த வெளியேற்றி, ஹைட்ரஜனைப் பற்றவிடாமல் நீராக்கும் தட்டுகள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

பதுளை, அரச ஊழியர்: சட்டம் எழுத எல்லாருக்கும் தெரியும். உண்மையில் எவரையாவது நிறுத்தினார்களா?

நிறுத்தினார்கள். பயங்கரவாதத் தாக்குதலைச் சமாளிக்கும் தனிக் கட்டுப்பாட்டு நிலையத்தைத் தவணைக்குள் கட்டி முடிக்காததால் செண்டாய் முதலாம் உலை 2020 மார்ச்சில் ஓட்டத்தை நிறுத்தியது. உலகின் மிகப் பெரிய நிலையமான காஷிவாசாக்கி-கரிவாவில் ஓர் ஊழியர் இன்னொருவரின் அடையாள அட்டையோடு கட்டுப்பாட்டு அறைக்குள் போனார். ஆள் நுழைவதைக் காட்டும் கருவிகளும் பழுதாகிக் கிடந்தன. 2021 ஏப்ரலில் அங்கே எரிபொருளை அசைக்கவே தடை வந்து, 2023 டிசம்பரில்தான் நீங்கியது. சுருகா இரண்டாம் உலை இன்னும் மோசம். அடியில் உயிருள்ள, அதாவது இன்னும் அசையக்கூடிய நிலப்பிளவு இருக்கலாம் என்ற சந்தேகம். போதாததற்கு, துளையிட்டு எடுத்த மண் மாதிரி பற்றிய பதிவுகளைக் கம்பனி மாற்றி எழுதியிருந்தது. 2024 நவம்பரில், மீண்டும் ஓட்டக் கேட்ட விண்ணப்பத்தையே நிராகரித்துவிட்டார்கள்.

ஆனால் பாராட்டிக்கொண்டே போகவும் முடியாது. ஓர் உலை ஓடக்கூடிய காலம் 40 வருடம், பிறகு ஒரே ஒரு 20 வருட நீடிப்பு என்ற வரையறையை 2023இல் தளர்த்தி, நின்றிருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட இடம் கொடுத்தார்கள். நின்றாலும் கொங்கிரீட்டுக்கு வயது ஏறும்.

மஸ்கெலியா, மின் தொழில்நுட்பவியலாளர்: பரிசோதகர் உள்ளே போய் எதைப் பார்ப்பார்? பைலைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவாரா?

அமெரிக்காவில் 1979 மார்ச் 28இல் திரீ மைல் தீவில் நடந்ததைப் பாருங்கள். அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் விளக்கு அணைந்தது. இயக்குபவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் அந்த விளக்கு காட்டியது வால்வுக்கு மூடும் கட்டளை போனதை மட்டுந்தான். வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அல்ல. உள்ளே தண்ணீர் அதிகம் என்று தப்பாகக் கணித்து அவசரத் தண்ணீரையும் குறைத்தார்கள். உலையின் பாதியளவு உருகியது.

அதற்குப் பிறகு வால்வின் நிலையை நேராகக் காட்டும் கருவி கட்டாயமானது. ஒவ்வொரு நிலையத்திலும் நிரந்தரமாக இருக்கும் அரச பரிசோதகர்கள் வந்தார்கள். ஒரே இடத்தில் ஊறிப் போகாமலிருக்க அவர்களுக்குக் கால வரையறையும் உண்டு. அவர்கள் எந்தக் கதவையும் சொல்லாமல் திறக்கலாம். வால்வு வரிசை வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா, டீசல் இயந்திரம் சோதனை ஓட்டத்தில் குறித்த நொடிக்குள் சுமை ஏற்றதா, பட்டரியின் அழுத்தம் என்ன என்று கண்ணால் பார்ப்பார்கள். ஜப்பானும் 2020 ஏப்ரலிலிருந்து இந்த வகைப் பரிசோதனைக்கு மாறியது.

கொட்டகலை, தொழிற்சங்க உறுப்பினர்: கூடங்குளம் நமக்கு எவ்வளவு தூரம்? அங்கே ஏதும் நடந்தால் நமக்கு யார் சொல்வது?

நுவரெலியாவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 360 கிலோமீட்டர். கற்பிட்டிக்கு 225 அளவு. பெரிய உலைகளுக்குச் சர்வதேச அணுசக்தி முகவரகம் சொல்லும் விபத்துக்கால திட்ட எல்லைகளில் கடைசி வளையம் 300 கிலோமீட்டர். அது ஆட்களை வெளியேற்றுவதற்கல்ல, உணவையும் பாலையும் தண்ணீரையும் பரிசோதிப்பதற்கு. கற்பிட்டி அதற்குள்ளே, நாம் சற்று வெளியே. விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற 1986ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. செர்னோபில் உலை விபத்துச் செய்தியை சோவியத் அரசு தாமதித்ததால் பிறந்த உடன்படிக்கை அது.

கூடங்குள உலைகளில் கரண்ட் இல்லாமலே நீராவி மேலே ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, புவியீர்ப்பால் கீழே வரும் ஏற்பாடு இருக்கிறது. அது நல்ல விஷயம். கண்காணிப்பின் கதை வேறு. இந்தியாவின் ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அரச ஆணையால் உருவானது. அதற்குச் சுதந்திரம் போதாது என்று கணக்காய்வாளர் நாயகமே 2012இல் எழுதினார். 2011இல் கொண்டுவந்த புதிய ஆணையச் சட்டமூலம் 2014இல் காலாவதியானது.

கண்டி, சட்ட மாணவி: இலங்கையில்?

2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்கச் சட்டம் இரண்டாகப் பிரித்தது, தங்கச்சி. வளர்ப்பதற்கு அணுசக்தி சபை, உரிமம் கொடுத்துக் கண்காணிக்க ஒழுங்குபடுத்தும் பேரவை. பிரிவு சரி. பேரவையின் சம்பளமும் ஆட்களும் யார் கையில் என்பதைத் தேடிப் படியுங்கள், பரீட்சைக்கும் உதவும்.

தலவாக்கலை, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) டீமேக்கர்: தேயிலையில் விழுந்தால் என்ன ஆகும்? இங்கே மழையும் அதிகம்.

இதற்குத்தான் விரிவாக எழுத வேண்டும். ஷிசுவோக்கா நகரம் புகுஷிமாவிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர், நமக்கும் கூடங்குளத்துக்கும் உள்ள அதே தூரம். 2011 ஜூனில் அந்த மாகாணத் தேயிலை பாரிஸ் விமான நிலையத்தில் பிடிபட்டது. உலையிலிருந்து வெளியேறும் கதிர்ப் பொருளான சீசியம் கிலோவுக்கு 1038 பெக்கரல், அதாவது நொடிக்கு 1038 அணுச் சிதைவு. வரம்பு 500. விபத்து நடந்த மார்ச்சில் கொழுந்தே வரவில்லை. பழைய இலையில் விழுந்த சீசியம் இலை வழியாக உள்ளே போய்ப் புதுக் கொழுந்துக்கு ஏறியது. ஸ்டோரில் காய வைத்தால் நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோவாகும். சீசியம் ஆவியாகும் தண்ணீரோடு போகாது, அடர்த்தி அவ்வளவு மடங்கு ஏறும். எனவே பச்சையில் 200 இருந்தால் தூளில் 900ஐத் தாண்டும். எதை அளப்பது என்று அங்கே இரண்டு அமைச்சுகள் சண்டை பிடித்தன. விவசாய அமைச்சு பச்சையை மட்டும் என்றது, சுகாதார அமைச்சு காய்ந்ததையும் என்று நின்று வென்றது. 2012 ஏப்ரலிலிருந்து 10 கிராம் தூளை 30 மடங்கு எடை 90 பாகை நீரில் 60 நொடி ஊற வைத்து, அந்தச் சாயத்தை 10 பெக்கரல் வரம்புக்கு எதிராக அளக்கிறார்கள்.

தோட்டத்தில் உதவியது ஆழக் கவ்வாத்து. பழைய இலையை வெட்டி அகற்றினால் அடுத்த கொழுந்தில் அளவு விழுந்தது. மழை முக்கியம்: கதிர்த் துகள் கலந்த புகை வந்த நேரத்தில் மழை பெய்தால்தான் அதிகம் இறங்கும். செர்னோபிலிலிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள வேல்ஸ் மலைகளில் அப்படித்தான் இறங்கி, ஆடுகள் மீதான கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது.

கையில் பிடிக்கும் கைகர் கருவியை வாங்கித் தூளில் வைத்துப் பார்க்காதீர்கள். தேயிலையில் இயற்கையான பொட்டாசியமே கிலோவுக்குச் சுமார் 600 பெக்கரல் கதிர் தரும், அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஈயக் கவசத்துக்குள் ஜெர்மேனியம் உணரி வைத்து, 662 கிலோ எலக்ட்ரோன்வோல்ட்டில் சீசியத்தையும் 1461இல் பொட்டாசியத்தையும் பிரித்துப் பார்க்கும் ஆய்வுகூடம்தான் வேண்டும்.

பண்டாரவளை, தாய்: பிள்ளைகளுக்கு அயடின் மாத்திரை வாங்கி வைக்கவா?

வேண்டாம் அக்கா. அது கதிர் அயடின் வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்திலோ, அதிகாரிகள் சொல்லும்போது மட்டும் எடுப்பது. தைரொய்டைத் தவிர எதையும் காக்காது, சீசியத்துக்கு ஒன்றுமே செய்யாது. கதிர் அயடின் எட்டு நாளில் பாதியாகும். இந்தத் தூரத்தில் அது பிள்ளைக்குப் போகக்கூடிய முக்கிய வழி புதுப் பால். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் சில வாரம் பழைய பால்மாவைக் கொடுங்கள்.